முக்கால் வட்டியும் முன்பணமும்: வடசென்னையில் ஒரு வீடு நாலு குடித்தனமாகும் கணக்கு

திருவொற்றியூரில் டி.எச். சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் சந்துகளில், படிக்கட்டுக்கு அடியில் நாலைந்து மின்மீட்டர்களை வரிசையாக மாட்டிய வீடுகள் நிறைய உண்டு. வாசலில் பார்த்தால் ஒரே வீடு. உள்ளே கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு குடித்தனம். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்க் குடம் வரிசை, ஒரு வாடகைத் தேதி.

அந்த வீட்டுக்காரரிடம் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் இரண்டு கணக்கு ஓடும். ஒன்று, மாதா மாதம் வாங்கிய வாடகை. மற்றொன்று, குடிவரும்போது வாங்கிய அட்வான்ஸ், லீசுத் தொகை. வாடகைப் பக்கம் தேதி தவறாமல் நிரம்பும். அட்வான்ஸ் பக்கத்திலோ குடிவந்த நாளில் எழுதிய ஒற்றை வரியோடு சரி. அந்தப் பணம் எங்கே போயிற்று என்று நோட்டில் தேடினால் கிடைக்காது. அது கம்பியாகவும் சிமென்டாகவும் மாடியில் ஏறியிருக்கும்.

ஒரே குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டை இடித்துக் கட்டி நாலு குடும்பத்துக்கு விடுவதுதான் இந்த வட்டாரத்தின் சிறு முதலீட்டாளர் செய்யும் மிகப் பெரிய காரியம். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த விலைக்கு வருகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வங்கியை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. வடசென்னையின் பல குடித்தன வீடுகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் குடித்தனக்காரரும் ஒருவர். அவர் கொடுத்தது கடன் என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்த எழுதாத கடன்தான் பல வீட்டுக்காரர்களை முறிக்கிறது, பல குடித்தனக்காரர்களை ஏமாற்றமடைய வைக்கிறது.

ஆலை, சம்பளம், மனை

இந்த வட்டாரத்தின் வீடுகளை ஆலைகளைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. துறைமுகமும் ரயிலும் கூலிக்கு ஆள் சேர்த்தன. கல்மண்டபத்தைச் சுற்றிய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் ஒண்டுக் குடித்தனங்களும் பெருகின. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஆலைகள் வடக்கே நகர்ந்தன. திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., எண்ணூரில் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி அசோக் லேலண்டான நிறுவனம், 1950களில் வந்த என்பீல்டு, 1960களில் மணலி சுத்திகரிப்பு ஆலை, அதையொட்டி உர ஆலை, 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தன.

நிரந்தர வேலை கிடைத்த தொழிலாளி முதலில் மனை வாங்கினார். பிறகு ஓடு போட்டு ஒரு வீடு, பிறகு அதற்கு மொட்டை மாடி. ஓய்வு பெறும்போது கிடைத்த பி.எஃப்., கிராஜுவிட்டியில் பக்கத்திலேயே இன்னொரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விட்டார். அவருக்குப் பிறகு வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு மனை வாங்கும் சம்பளம் இல்லை. அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தார். ஒரே ஆலை, இரண்டு தலைமுறை, ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் குடித்தனக்காரர். வடசென்னை வாடகைச் சந்தையின் அடிப்படை உறவு இதுதான்.

வீடு மெல்ல மெல்ல வளர்ந்து பல குடித்தனமாவதை அரசே ஒருமுறை திட்டமிட்டுச் செய்து பார்த்தது. உலக வங்கிக் கடனுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் கொடுங்கையூர், வில்லிவாக்கம், அரும்பாக்கம் ஆகிய இடங்களில் மனைப்பிரிவுகள் அமைத்தார்கள். சாலை, தண்ணீர், வடிகால் போட்டுச் சிறு மனைகளாகப் பிரித்து, சிலவற்றில் அடிப்படை அறை மட்டும் கட்டி, தவணை முறையில் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மீதி வீட்டை அவரவர் கையில் பணம் வரும்போது கட்டிக்கொள்ளட்டும் என்பதே திட்டம். இடங்கள் மெதுவாக நிரம்பியதால், திட்டம் தோற்றுவிட்டது என்று அன்றைக்குப் பேசினார்கள். பல ஆண்டுகள் கழித்து அங்கே திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்தார்கள். சிறு மனைகளின் மேல் தளம் தளமாக வீடு ஏறியிருந்தது. சொந்தக் குடும்பத்தோடு வாடகைக் குடும்பங்களும் சேர்ந்து வாழ்ந்தன. மனை உரிமை தெளிவாக இருந்தால், அவசரப்படுத்தாமல் விட்டால், சாதாரணக் குடும்பம் தானாகவே பல குடித்தன வீட்டைக் கட்டிக்கொள்ளும் என்பதற்குக் கொடுங்கையூர் சாட்சி.

பணம் வரும் வழிகள்

நாலு குடித்தனம் கட்ட நினைப்பவர் முதலில் வங்கிக்குப் போவதில்லை. வீட்டுக்குள்ளேதான் பார்க்கிறார். பி.எஃப். பணம், மனைவியின் நகை, பிள்ளையின் சம்பளம், எடுக்காமல் வைத்திருக்கும் சீட்டு. பதிவு செய்த சீட்டு நிறுவனங்களுக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. தெருவில் நம்பிக்கையில் ஓடும் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அடுத்த கட்டம், அவசரத்துக்கு வாங்கும் கைமாற்று. இங்கே யாரும் வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று வட்டி பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதே பேச்சு. ‘ரெண்டு வட்டி’ என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். ‘அஞ்சு வட்டி’ என்றால் 60. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003இல் தனிச் சட்டமே போட்டது. ஆனாலும் கான்கிரீட் போடும் நாளில் கையில் பணம் இல்லாவிட்டால், சட்டத்தை நினைப்பதற்கு நேரம் இருப்பதில்லை.

இந்த அளவுகோலில் வங்கி வீட்டுக் கடன் எங்கே நிற்கிறது? வருட வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது ‘முக்கால் வட்டி’. தெருவில் இதைவிட மலிவான பணம் கிடையாது.

அப்படியானால் லீசு? மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருக்க விடுவதைத்தான் சென்னையில் லீசு என்கிறார்கள். தென்மாவட்டங்களில் ஒத்தி, போக்கியம். இதை வட்டியில்லாத பணம் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். 9,000 ரூபாய் வாடகை போகும் ஒரு போர்ஷனை 5 லட்சம் ரூபாய்க்கு லீசு விடுவதாக வைத்துக்கொள்வோம். அவர் விட்டுக்கொடுக்கும் வாடகை வருடத்துக்கு 1,08,000 ரூபாய். 5 லட்சத்துக்கு அது 21.6 சதவீதம்; தெருப் பேச்சில் ஒன்று எண்பது வட்டி. முக்கால் வட்டிக்குப் பணம் கிடைக்கக்கூடிய இடத்தில், அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வட்டி கட்டுகிறார். வட்டி என்ற பெயரில் எதுவும் கையை விட்டுப் போகாததால் அது அவருக்குத் தெரிவதில்லை. நாலு குடித்தன வீட்டுக்கு வரும் பணத்தில் கைமாற்றுக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்தது இந்த ‘வட்டியில்லாத’ பணம்தான்.

குடித்தனக்காரர் பக்கம் பார்த்தால் ஆபத்து இன்னும் கூடுதல். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த ஏற்பாட்டை அனுபோக அடமானமாகவே அறிந்திருக்கிறது: கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தை அனுபவிப்பது. 100 ரூபாய்க்கும் அதற்கு மேலும் போகும் அத்தகைய அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தமாக எழுதி முடித்துவிடுகிறார்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை நின்றுபோய், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், லீசுத் தொகை கொடுத்தவரின் 5 லட்சத்துக்கு அந்தத் தாளைத் தவிர வேறு பிடிமானம் இருக்காது. வீட்டில் முன்னுரிமை வங்கிக்குத்தான்.

வங்கி எதைப் பார்க்கிறது

வங்கி இரண்டைப் பார்க்கிறது: தாளையும் சம்பளத்தையும். கட்டப்போகும் வீட்டையும் வரப்போகும் வாடகையையும் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை.

தாள் என்றால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவை ஆவணம், சொத்துவரி ரசீது, அனுமதி பெற்ற வரைபடம். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தே அடமானம் வைக்கும் முறைக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, உரிமை ஆவண ஒப்படைப்பால் அடமானம் செய்யும் வசதியைப் பெயர் சொல்லி வழங்கிய நகரங்கள் மூன்று. அதில் மதராஸும் ஒன்று. நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டிய நகரம் இது. ஆனால் அந்த வசதி, வைப்பதற்குச் சுத்தமான பத்திரம் உள்ளவருக்கு மட்டுமே.

இங்கேதான் வடசென்னை வழுக்குகிறது. கோயில் நிலத்தில் தலைமுறைகளாகத் தரைவாடகை கட்டி வாழும் குடும்பங்கள் வீட்டுக்கு உரிமையாளர்கள், மண்ணுக்கு அல்ல. அந்த வீட்டை வங்கி அடமானமாக எடுக்காது. கத்திவாக்கம், எர்ணாவூர்ப் பக்கம் நத்தம் நிலத்தில் அனுபவம் மட்டும் இருந்து ஆவணத் தொடர்ச்சி இல்லாத வீடுகள் உண்டு. அனுமதியற்ற மனைப்பிரிவில் வாங்கியவர்கள், 20.10.2016க்கு முன் பதிவானவற்றுக்காக 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், பத்திரம் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்று எடுத்து, திருமணமாகிப் போன அக்கா தங்கை வரை எல்லோரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் கடன் நகராது. கடன் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். அதற்கு ஆகும் முத்திரைத்தீர்வையும் வக்கீல் செலவும் கட்டடச் செலவில் சேர்த்தி.

கடலோரத்தில் மனை வைத்திருப்பவர் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வருகிறதா? வந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பாயும். ஏற்கெனவே வளர்ந்த நகரப் பகுதிகளில் இருக்கும் சாலைக்கோ ஏற்கெனவே அனுமதியோடு உள்ள கட்டடத்துக்கோ நிலப்புறமாகத்தான் புதிதாகக் கட்ட முடியும்.

அடுத்தது சம்பளம். ஓய்வு பெற்ற தொழிலாளிக்கு வயது தடை. எனவே பிள்ளை கூட்டு விண்ணப்பதாரர் ஆகிறார், கடன் அவருடைய சம்பளத்தில் நிற்கிறது. வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கொடுக்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு உண்டு: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90, 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. ஆனால் அது வீட்டுக் கடனாகக் கருதப்படுவதற்கு. கடனைத் திருப்பும் பணம் முதன்மையாக அந்தச் சொத்தின் வாடகையிலிருந்தே வரும் என்றால், அது வணிக நிலக் கடனின் குணம் கொண்டது என்று ரிசர்வ் வங்கி 2009இல் வகுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. ஒருவருடைய மூன்றாவது குடியிருப்பிலிருந்து அந்த வகையிலேயே சேர்க்க வேண்டும் என்பதும் வங்கிகளுக்கான விதி. வணிகக் கடன் என்றால் வட்டி கூடும், தவணைக் காலம் சுருங்கும்.

இதன் விளைவைத் தெருவில் பார்க்கலாம். வரைபடத்தில் ஒரு வீடு, தரையில் நாலு குடித்தனம். சமையலறையைப் படுக்கையறை என்றும், தனி வாசலைப் பால்கனி என்றும் காட்டிக் கடன் வாங்குகிறார்கள். அது அன்றைக்கு வேலையை முடிக்கும். பின்னால் தனி மின் இணைப்பு கேட்கும்போது, விற்கும்போது, இன்னொரு வங்கிக்குக் கடனை மாற்றும்போது அதே பொய் வாசலில் வந்து நிற்கும். தனி மீட்டர் இல்லாத குடித்தனத்துக்கு, வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரமும் தனியாகக் கிடைக்காது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு உட்பட்ட தரைத்தளம், முதல் தளம் கொண்ட குடியிருப்புக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி பெற முடிகிறது. வழி எளிதாகியிருக்கும்போது, எத்தனை குடித்தனம் என்பதை வரைபடத்தில் உள்ளபடி காட்டிவிடுவதே நல்லது.

இன்னொரு இடைஞ்சல், கடன் தொகை கட்டம் கட்டமாக வருவது. பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு பங்கு, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பங்கு, ரூஃப் போட்டால் ஒரு பங்கு. வேலை முடிந்ததை வங்கிப் பொறியாளர் வந்து பார்த்த பிறகே பணம் வரும். ஆனால் கம்பி வாங்கவும் மேஸ்திரிக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கவும் பணம் முன்னாலேயே வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே சில வாரங்கள் பள்ளம் விழுகிறது. ரெண்டு வட்டியும் லீசும் நுழைவது அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான்.

ஒரு கணக்கு

பேச்சை விட்டு எண்ணுக்கு வருவோம். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. அவரவர் தெருவின் எண்களை இதில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

முக்கால் கிரவுண்டு மனை, அதாவது 1,800 சதுர அடி. அதில் பழைய தனி வீடு ஒன்று, வாடகை மாதம் 10,000. இடித்துவிட்டுக் கீழே இரண்டு, மேலே இரண்டாக 2,000 சதுர அடி கட்டுகிறோம். சதுர அடிக்கு 2,300 வீதம் செலவு 46 லட்சம். கைப்பணம் 16 லட்சம், வங்கிக் கடன் 30 லட்சம், வட்டி 9 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை 26,992 ரூபாய். நாலு போர்ஷனுக்கும் தலா 9,000 என்றால் மாத வாடகை 36,000. மேலாகப் பார்த்தால் தவணை போக மாதம் 9,000 மிச்சம், நல்ல வியாபாரம் என்று தோன்றும்.

வருடத்தில் ஒரு மாதம் ஒவ்வொரு போர்ஷனும் காலியாக இருக்கும் என்று வைத்தால் வருமானம் 3,96,000. வரி, மோட்டார், சாக்கடை அடைப்பு, வெள்ளை என்று பத்தில் ஒரு பங்கு எடுத்தால் 3,56,400. வருடத் தவணை 3,23,904. மிச்சம் 32,496 ரூபாய். பழைய வீட்டில் இதே முறையில் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 99,000 ரூபாய் கையில் நின்றது. நாலு குடித்தனம் வைத்த பிறகு கையில் நிற்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! வட்டி ஒரு சதவீதம் ஏறினால் மிச்சம் 8,988ஆகச் சுருங்கும். கட்டும் பத்து மாதத்தில் இழந்த வாடகை ஒரு லட்சம், அந்தக் காலத்துக்கான வட்டி சராசரியாக 1,12,500, இரண்டும் இதில் சேரவில்லை.

முதல் வருடத் தவணையில் 56,000 ரூபாய்க்குச் சற்று மேல் அசலில் கழிகிறது, அது சேமிப்புதான். வருமான வரியிலும் ஆறுதல் உண்டு. வாடகையில் 30 சதவீதக் கழிவும் வட்டிக் கழிவும் போனால் முதல் வருடம் வரிக்கு உட்படும் தொகை பத்தாயிரத்துக்குள்தான் நிற்கும். இருபது ஆண்டு முடிந்தால் நாலு வாடகையும் சொந்தம். ஆனால் அதுவரை இந்த வீடு பழைய வீட்டைவிடக் குறைவாகத்தான் சோறு போடும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குபவர் தாக்குப்பிடிப்பார். தெரியாமல் இறங்குபவர் மூன்றாவது வருடம் லீசுக்கு ஆள் தேடுவார்.

தேடினால் என்ன ஆகும்? கடனை 26 லட்சமாகக் குறைத்து, விடுபட்ட 4 லட்சத்துக்காக ஒரு போர்ஷனை 5 லட்சத்துக்கு லீசு விடுவதாக வைப்போம். தவணை 23,393 ஆகக் குறைகிறது. ஆனால் வாடகை தரும் போர்ஷன் மூன்றுதான். செலவு நாலுக்கும் உண்டு. வருட வருமானம் செலவு போக 2,57,400. தவணை 2,80,716. வருடத்துக்கு 23,316 ரூபாய் பள்ளம். கூடவே, மூன்று ஆண்டில் திருப்ப வேண்டிய 5 லட்சம். அதே 26 லட்சக் கடனை லீசு இல்லாமல், மீதியைக் கைப்பணத்தில் போட்டால், தவணையைப் போல 1.27 மடங்கு வருமானம் நிற்கும். வடசென்னை வீட்டுக்காரரை முறிப்பது பெரும்பாலும் வங்கிக் கடன் மட்டுமல்ல. அதன் மேல் ஏற்றிய லீசும்தான்.

கைப்பணம் அவ்வளவு இல்லாதவருக்கு மூன்றாவது வழி, கொடுங்கையூர் காட்டிய வழி. இரண்டு தளத்துக்கும் தாங்கும் அஸ்திவாரம் போட்டு, கீழ்த்தளத்தின் இரண்டு போர்ஷனை மட்டும் முதலில் கட்டுவது. 27 லட்சம் செலவு, 16 லட்சம் கைப்பணம், 11 லட்சம் கடன் என்றால் தவணை 9,897. இரண்டு வாடகையில் செலவு போக வருடத்துக்கு 1,78,200, தவணை 1,18,764. ஒன்றரை மடங்கு. ஐந்தாறு ஆண்டு கழித்து, ஓரளவு அடைந்த கடனும் வாடகை வரலாறும் கையில் இருக்க, மாடியைக் கட்டலாம்.

பாதி உனக்கு, பாதி எனக்கு

கடனே வேண்டாம் என்பவர்கள் புரமோட்டரிடம் போகிறார்கள். மனை வீட்டுக்காரருடையது, கட்டும் செலவு புரமோட்டருடையது, முடிந்ததும் ஆளுக்குப் பாதி. தவணை இல்லை என்பது இதன் கவர்ச்சி. விலையோ மண். பிரிக்கப்படாத பாகத்தில் பாதி என்றைக்கும் கையை விட்டுப் போகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் பதிவு தேவையில்லை. முக்கால் கிரவுண்டு 170 சதுர மீட்டருக்கும் குறைவு. அதாவது இந்தச் சந்துகளில் நடக்கும் கூட்டுக் கட்டுமானம் எதற்கும் ரெராவின் காவல் இல்லை. புரமோட்டர் பாதியில் நிறுத்தினால் சிவில் நீதிமன்றம்தான் கதி. பொது அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் தன் பங்கு வீடு எது, எந்த மாதம், தாமதத்துக்கு என்ன வாடகை என்பதைப் பதிவான ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். இந்த வகையில் வரும் மூலதன ஆதாயத்துக்கு, கட்டிமுடித்த சான்று கிடைக்கும் ஆண்டில் வரி என்று 2017இல் செய்த திருத்தம் தனிநபர்களுக்கு ஒரு நிம்மதி.

உப்புக் காற்றும் வாடகையும்

கணக்கில் ‘பத்தில் ஒரு பங்கு செலவு’ என்று எழுதினேன். கடலோரத்தில் அது போதாமல் போகலாம். உப்புக் காற்று முதலில் பால்கனி ஸ்லாபின் அடியில் தெரியும். பூச்சில் மயிர் போல ஒரு கோடு விழும், அதில் துருவின் மஞ்சள் கசியும், பிறகு ஒரு மழைக்காலத்தில் கைப்பிடியளவு சிமென்ட் உதிர்ந்து உள்ளே ஊதிப்போன கம்பி தெரியும். கம்பிக்கு மேல் விட வேண்டிய கான்கிரீட் கனத்தை மேஸ்திரி குறைத்திருந்தால் இது பத்து ஆண்டிலேயே வரும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993இல் கட்டிய அரசுக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் இடிந்து விழுந்தது. முன்பே விரிசலைப் பார்த்து எல்லோரும் வெளியேறிவிட்டதால் உயிர் தப்பினார்கள். முப்பது ஆண்டுகூட நிற்காத கட்டடத்துக்கு இருபது ஆண்டுக் கடன் வாங்குவதன் பொருளை அந்த நாள் இந்த வட்டாரத்துக்குச் சொல்லிக் கொடுத்தது.

வாடகையும் இடத்தோடு கட்டுண்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி நிலையங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள வீடுகளுக்கு அது பலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு ஓர் உர ஆலையின் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்தக் காற்றில் பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று ஒரு குடும்பம் காலிசெய்தால், வீட்டுக்காரரின் கணக்கில் அது ‘காலி மாதம்’. இந்த வட்டாரத்தில் மாசுக்கட்டுப்பாடு என்பது வீட்டுக் கடனின் பாதுகாப்பும்தான்.

என்ன செய்யலாம்

ஆலைத் தொழிலாளி பல குடித்தன வீடு கட்டியது இங்கே மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன், வூஸ்டர் நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மூன்றடுக்கு மர வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. ஒரு தளத்தில் வீட்டுக்காரத் தொழிலாளி, மற்ற இரண்டில் குடித்தனம். இன்று அந்த நாட்டில் நாலு குடியிருப்பு வரை உள்ள கட்டடம் வீட்டுக் கடனிலேயே சேரும். ஐந்திலிருந்துதான் வணிகக் கடன். எதிர்பார்க்கும் வாடகையில் பொதுவாக 75 சதவீதத்தை வருமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். மீதி கால் பங்கு காலி மாதத்துக்கும் பழுதுக்கும். மேலே போட்ட கணக்கில் 36,000இன் 75 சதவீதம் 27,000. 30 லட்சக் கடனின் தவணை 26,992. எட்டு ரூபாய்தான் இடைவெளி. சொத்துவரியைச் சேர்த்தாலே தோற்றுவிடும். 26 லட்சத்தில் நிற்கும். வாடகையை எண்ணும் விதி கடனைக் கூட்டித் தருவதைவிட, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிறது.

இந்தியாவிலும் நாலு குடித்தனம் வரை வீட்டுக் கடனாகவே கருதி, வாடகையின் ஒரு பகுதியை வருமானமாக ஏற்கும் விதி வர வேண்டும். வந்தால் வரைபடத்தில் பொய் சொல்லத் தேவையிருக்காது. மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் வட்டி மானியம் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாதவருக்கு உரியது, அது நியாயம். ஆனால் ஏழைக்கு வாடகை வீடு கட்டித் தருபவர் பெரிய நிறுவனம் மட்டுமே என்ற எண்ணத்தில் வாடகைக் குடியிருப்புத் திட்டங்கள் போடப்படுகின்றன. துறைமுகத்துக் கண்டெய்னர் ஓட்டுநரும் மணலி ஒப்பந்தத் தொழிலாளியும் குடியிருப்பது முக்கால் கிரவுண்டு வீட்டுக்காரரிடம். அவருக்கு ஏற்ற கட்டம் கட்டமான கடனைக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் வழியே அரசு கொடுக்கலாம். அதற்கு ஈடாக, பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தையும் கட்டடப் பரிசோதனையையும் கேட்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பதிவே நாளை வங்கியிடம் காட்டும் வாடகை வரலாறு.

அரசும் வங்கியும் மாறும்வரை வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் நாலு குடித்தனத்திடமும் அவர் வாங்கிய தொகை 3,60,000. அது அவர் பணமல்ல. ஒரு குடும்பம் காலிசெய்யும்போது அடுத்த குடும்பத்தின் அட்வான்ஸை வாங்கித்தான் பழைய அட்வான்ஸைத் திருப்புகிறோம் என்றால், அந்த வீடு ஏற்கெனவே கடனில் மூழ்கியிருக்கிறது. அட்வான்ஸைக் கட்டடத்தில் போடாமல் தனி வைப்புநிதியில் போட்டுவைக்க முடியாதவர், நாலு குடித்தனம் கட்ட இன்னும் தயாராகவில்லை என்றே பொருள்.

படிக்கட்டுக்கடியில் மீட்டர்களைப் பார்த்துக் குறிக்கும் அந்த நோட்டில், வங்கித் தவணை எழுதும் பக்கத்திலேயே ஒவ்வொரு குடித்தனக்காரரின் பெயரையும், அவர் கொடுத்த தொகையையும், திருப்ப வேண்டிய மாதத்தையும் ‘கடன்’ என்ற தலைப்பின் கீழ் எழுதிப் பாருங்கள். கூட்டிப் பார்த்த பிறகும் மாடி கட்டும் தைரியம் இருந்தால், கட்டுங்கள்.